கழுவிய மணல்

மீன்தொட்டிக்கு மணல் வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நன்றாகக் கழுவிப் போடுங்கள். கழுவாமல் கொட்டிவிட்டு, தண்ணீர் டீ மாதிரி கலங்கிவிட்டது என்று மறுநாளே சண்டைக்கு வருவார்கள். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

என் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு தங்கச்சியிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் வீட்டுக்காரர் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். தொட்டியைக் கட்டில் உயரத்துக்கு இறக்கி வைத்திருப்பதால் அவர் கண்ணுக்கு நேராகத் தெரிவது அதன் அடித்தரைதான். அங்கே மேயும் ஆறு மீசை மீன்களோடுதான் அவருக்குப் பொழுது போகிறது. கூழாங்கல் உரசி அவற்றின் மீசை தேய்வதைக் கண்டுபிடித்ததும் அவரே. கல்லை எடுத்துவிட்டு மணல் போடச் சொன்னது நான்.

மணல் போட்ட மறுநாள் காலை அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, மீனெல்லாம் சாஞ்சு சாஞ்சு விழுது. தண்ணி மேல நுரையா நிக்குது."

"மணலை எப்படிக் கழுவினீங்க?"

"சோப்புத்தூள் போட்டுத்தான். அவருக்கு நெஞ்சுல சளி. ரூம்ல துளி அழுக்கு இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நாலு தடவை அலசினேனே."

"சோப்பா? உங்களுக்கு மூளை இருக்கா?" என்று கத்திவிட்டேன்.

சோப்புப் போடாதீர்கள் என்று நான் மட்டும் சொன்னேனா? என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு, கடைத் தொட்டித் தண்ணீரை இரண்டு கேன்களில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

வாசலிலேயே மறித்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அவர்கிட்ட சோப்புன்னு சொல்லிடாதீங்கண்ணா. நாள் பூரா அதுங்களத்தான் பாத்துட்டிருப்பாரு. நானே கொன்னுட்டேன்னு தெரிஞ்சா அவர் முகத்துல எப்படி முழிப்பேன்? மணல் சரியில்லன்னு சொல்லிடுங்க."

என் மணலை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் தலையாட்டினேன்.

இரண்டு மீன்கள் செத்துக் கிடந்தன. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நான்கையும் கொண்டுவந்த தண்ணீருக்கு மாற்றினேன். பிறகு மணலை வாரி வாளியில் போட்டேன். வாரும்போதே சோப்பு வாசனை குப்பென்று அடித்தது.

"மணல்ல ஏதோ கோளாறு சார். என் தப்புதான்" என்றேன், கட்டிலில் இருந்தவரிடம். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

அவர் என் கையைப் பிடித்து அருகே இழுத்தார்.

"சோப்புதானே?" தாழ்ந்த குரலில் கேட்டார். "என் சட்டையிலயும் இதே வாசனைதான். எனக்குத் தெரியாதா? நேத்து மூணு மணி நேரம் குனிஞ்சு குனிஞ்சு அலசினா, பாவம். எல்லாம் எனக்காகத்தான். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்."

சரி என்று தலையாட்டினேன். அதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள்.

"என்னய்யா கடை நடத்துறீங்க?" என்று அவர் குரலை உயர்த்தினார். "இந்த மாதிரி மணலை இனிமே யாருக்கும் விக்காதீங்க."

"விடுங்க, அவரே ஓடி வந்து எல்லாம் பண்றாரு" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

"தப்புதான் சார், இனிமே நல்ல மணலாப் பாத்துக் குடுக்கறேன்" என்றேன்.