சனிக்கிழமை முட்டை

புறவாசல் கொடியில் கிடந்த வேட்டியை உருவும்போதுதான் கோமதியம்மாள் பார்த்தாள். பாம்புப் புற்றின் வாயில் நேற்று அவள் வைத்த முட்டை, சாரலில் நனைந்து அப்படியே இருந்தது.

முன்வாசலில் அவள் புருஷன் ஆவுடையப்பனைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நேற்று குற்றாலத்துக்குச் சவாரி போய்விட்டு இலஞ்சி வீட்டுக்கு வந்து, ஆட்டோவை ஓரமாக விட்டு, "கொஞ்சம் கண்ணசருதேன், காப்பி போட்டுட்டு எழுப்பு" என்று படுத்த மனிதர். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. அந்தத் திகைப்பே இன்னும் இறங்கவில்லை. அதற்குள் இது.

இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை அவள் வைத்த முட்டை எதுவும் மறுநாள் விடிந்தபோது அங்கே இருந்ததே இல்லை. மகள் ஜோதிலட்சுமிக்குக் கர்ப்பம் தங்காமல் போனபோது, நாக தோஷம் என்றார் ஜோசியர். புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்க வேண்டும், அம்மன் எடுத்துக்கொண்டால் குறை தீரும் என்றார். ஆவுடையப்பனுக்கு அதெல்லாம் கேலிதான். "உன் நாகம்மாவுக்கு ஆம்லெட்டாப் போட்டுக் குடேன்" என்பார். ஆனால் சனிக்கிழமை மட்டும் எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிடுவார். அன்றைக்கு வேட்டியில் முழங்காலுக்கு நேராகச் செம்மண் அப்பியிருக்கும். ஆட்டோவுக்கு அடியில் கிடந்து எதையோ முடுக்கினார் போல என்று அவளும் தேய்த்துத் தேய்த்துத் துவைத்திருக்கிறாள்.

கையிலிருந்த வேட்டியிலும் அந்தக் கறை போகாமல் இருந்தது. அவள் கறையையும் புற்றின் செம்மண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். அடப்பாவி மனுஷா, இத்தனை நாளும் நீர்தானா.

புறவாசல் கதவு சத்தம் போட்டது. ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஜோதிலட்சுமி வந்தாள்.

சாவுத் தீட்டோடு புற்றைத் தொடக்கூடாது. கோமதியம்மாள் தொட்டாள். முட்டையை எடுத்து மடியில் செருகி முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"எம்மா, தீட்டோட அங்கன ஏன் நிக்க?" என்றாள் மகள். பிறகு தயங்கித் தயங்கி, "முட்டைய எடுத்துட்டாளா?" என்று கேட்டாள்.

"எடுத்துட்டா."

ஜோதிலட்சுமி வயிற்றைத் தடவிக்கொண்டாள். "அப்பா இருந்தா கேலி பண்ணுவாவ" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவரைக் குளிப்பாட்டி, அந்த வேட்டியைக் கட்டிக் கிடத்தினார்கள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். கோமதியம்மாள் மட்டும் யாரையும் கட்டிக்கொள்ளாமல், குனியாமல், நிமிர்ந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இப்படி இருக்காதீங்கக்கா, அண்ணாச்சியக் கட்டிப் பிடிச்சு அழுதுருங்க" என்று தோளை அழுத்தினாள் பக்கத்து வீட்டு நூருன்னிசா.

கோமதியம்மாள் ஒரு கையால் மடியை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மறு கையை நீட்டி, அவர் வேட்டியின் முழங்காலை நீவிவிட்டாள்.