எமிலியானுஸ் அனுப்பாத கப்பல்

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் இறால் கறி. இணையத் திருடர்களின் நடமாட்டத்தை முன்கூட்டியே அறிந்து நிறுவனங்கள் தம்மைக் காத்துக்கொள்வது எப்படி என்று மன்னாரில் ஒரு பயிலரங்கு வைத்தார்கள். அழைப்பிதழில் மதியச் சாப்பாடும் போட்டிருந்தது. போனேன், உட்கார்ந்தேன், தூங்கிவிட்டேன். விழித்தபோது கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர், "அவன் முதலில படிக்கிறது உங்கட பூட்டை இல்லை, உங்கட ஆசையை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கறி சுமார்தான். அந்த வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

2

ஆரம்பம், முதல் முயற்சி: தலைமன்னார் இறங்குதுறையில் அலைகள் மெல்ல

(வேண்டாம். அலையில் தொடங்கிய கதைகளை அடுக்கினாலே இராமேஸ்வரத்துக்குப் பாலம் போட்டுவிடலாம்.)

இரண்டாம் முயற்சி: அன்று வெள்ளிக்கிழமை காலை டிலோஜினி தேநீரை ஆறவிட்டு, வந்த மின்னஞ்சலை இரண்டாம் தரம் படித்தாள்.

இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.

டிலோஜினி பேசாலைப் பெண். மன்னாரில் கடற்றொழிலாளர் சங்கங்களின் சமாசத்தில் கணினி உத்தியோகத்தர். எந்தத் திருட்டுக் கூட்டம் எந்தப் பெயரில், என்ன தூண்டிலோடு திரிகிறது என்று கொழும்பிலிருந்து வாராவாரம் ஓர் அறிக்கை வரும். அதைப் படித்து உறுப்புச் சங்கங்களை எச்சரிப்பது அவள் வேலை. அறிக்கைக்கு நிறங்கள் உண்டு. பச்சை என்றால் எல்லாருக்கும் சொல்லலாம், சிவப்பு என்றால் ஒருவருக்கும் சொல்லக்கூடாது. அவள் அனுபவத்தில் பச்சையை ஒருவரும் படிப்பதில்லை. சிவப்பு மட்டும் அன்று பின்னேரத்துக்குள் தலைமன்னார் வரை போய்ச் சேர்ந்துவிடும்.

3

வங்கிக் கடிதத்தை நம்பாதே, லொத்தர்ப் பரிசை நம்பாதே என்று அறிக்கை சொன்னது. சங்கங்களும் நம்பவில்லை. டிலோஜினிக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்திருந்தது. அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது: "தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் மீண்டும் ஆரம்பம். முதல் பயணத்துக்குப் பெயர் பதிய இங்கே அழுத்துக." அழுத்தினால் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்கும்.

கொழும்பில் இதை ஒருவரும் சீண்டமாட்டார்கள். அதனால் அறிக்கையிலும் இல்லை. மன்னாரில் கதையே வேறு. இங்கே அமைச்சர் மாறும்போதெல்லாம், போரோடு நின்றுபோன கப்பல் திரும்ப வருகிறது என்பார்கள், நாமும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுவோம்.

சமாசத் தலைவர் எமிலியானுஸ் அழுத்திவிட்டார். கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டார். இப்போது அதே கடிதம் அவர் பெயரில், அவர் விலாசத்திலிருந்தே எல்லாச் சங்கங்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. சிலாவத்துறைச் சங்கச் செயலாளர் மர்சூக்குக்கும் போயிருக்கிறது. அங்கே நண்டு வைக்கும் குளிர் அறையைக் கணினிதான் நடத்துகிறது. அவரும் கடவுச்சொல்லைக் கொடுத்து, திருடர் அந்தக் கணினிக்குள் புகுந்து அதை முடக்கினால், அந்தக் கரையின் பருவத்து உழைப்பு முழுவதும் நாறிப்போகும்.

(கடலில் ஆபத்தைக் கண்டவன் அடுத்த படகுக்குச் சொல்லவேண்டும் என்று ஒரு முதிய மீனவர் வந்து டிலோஜினிக்கு இந்த இடத்தில் போதிப்பதாக எழுதியிருந்தேன். அவருக்கு வேறு வேலை இருக்கும். அனுப்பிவிட்டேன்.)

4

"தலைவர், எல்லாருக்கும் இப்பவே அறிவிக்கவேணும். கள்ளக் கடிதம் உங்கட பேரிலதான் போகுது."

எமிலியானுஸ் கதிரையில் நெளிந்தார். "என்ர பேரைப் போடாமல் அறிவிக்கேலாதோ?"

"பேரைப் போடாட்டி எதைத் திறக்கக்கூடாதெண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?"

"பிள்ளை, கடவுச்சொல்லை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ எண்டு போன மாசம் கூட்டத்தில பேசினது நான்."

"ஓம். அதை எழுதித் தந்தது நான்."

இந்த மனிதரை வீம்புக்காரக் கோமாளியாகவே நடத்தி முடித்துவிடலாம் என்று இருந்தேன். எழுதவும் வசதி. ஆனால் டிலோஜினி என்னைக் கேட்காமல் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்.

"ஆற்ற பேரைப் பதிஞ்சனீங்கள்?"

"அக்கான்ர." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மார்த்தாக்கா. தொண்ணூறில சண்டைக்குப் பயந்து வள்ளத்தில இந்தியாவுக்குப் போனவ, இன்னும் மண்டபம் அகதி முகாமிலதான். பிளேனில வாங்கோ எண்டால் மாட்டாவாம். போன வழியாலதான் வருவாவாம்."

டிலோஜினிக்கு அழுகை வந்தது. கோபத்தோடு வந்தவளுக்கு அது பெரிய இடைஞ்சலாக இருந்தது.

5

முடிவு, முதல் வகை: தலைவர் மறுக்கிறார், டிலோஜினி வேலையைத் தூக்கி எறிகிறாள். (சம்பளம் இல்லாமல் பேசாலைக்கு எந்த முகத்தோடு போவாள்?)

இரண்டாம் வகை: விரிவுரையாளர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்

நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய கடவுச்சொல்லை மாற்றிவிட்டு டிலோஜினி எழுதினாள்: "எமது தலைவர் எமிலியானுஸ் ஏமாற்றப்பட்டுள்ளார். அவர் பெயரில் வரும் கடிதங்களைத் திறக்கவேண்டாம். கப்பல் வராது."

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "என்ர பேர் கிடக்கட்டும். கடைசி வரியை எடு."

"அது உண்மைதானே, தலைவர்?"

"கடிதம் கள்ளம். கப்பல் வராதெண்டு உனக்கு ஆர் சொன்னது? கொழும்போ?"

யோசித்துப் பார்த்தாள். எந்த நிறத்து அறிக்கையும் அப்படிச் சொல்லவில்லை. எடுத்துவிட்டாள்.

"கள்ளக் கடிதத்தை அமத்தினது நான்தான் எண்டும் போடு," என்றார். "சனம் அப்பதான் நம்பும். என்ர விலாசத்தில இருந்தே போகட்டும். ஒளிச்சிருந்து சொல்லுறது வடிவில்லை."

அந்தப் பெருந்தன்மையில் மனம் இளகி அவளும் அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் உறைத்தது: எமிலியானுஸின் கடிதத்தைத் திறக்காதே என்ற கடிதம் எமிலியானுஸிடமிருந்தே போயிருக்கிறது.

"ஐயோ தலைவர்," என்றாள். மற்றச் சங்கங்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லி முடித்தாள். மர்சூக்கை மட்டும் பிடிக்க முடியவில்லை. ஜும்ஆத் தொழுகை, கைப்பேசியை நிறுத்தி வைத்திருக்கிறார்.

6

தொழுகை முடிந்ததும் மர்சூக் பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடியபடியே கைப்பேசியைத் திறப்பார். எமிலியானுஸிடமிருந்து இரண்டு கடிதங்கள். ஒன்று கப்பல் வருகிறது என்கிறது. மற்றது எமிலியானுஸை நம்பாதே என்கிறது. மர்சூக்கின் மாமியார் அக்கரையில் உள்ள ஏர்வாடித் தர்காவுக்கு நேர்ந்துவிட்டு, கப்பல் எப்போது என்று மருமகனைத் தினமும் அரித்தெடுக்கிறவர். இந்தப் பக்கம் டிலோஜினி இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறாள். எமிலியானுஸ் பக்கத்தில் நின்று, "மணி அடிக்குதோ, பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மர்சூக் எதை முதலில் திறக்கிறார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முடிவை நீங்களே எழுதுங்கள். அக்கரையில் உங்களுக்கும் யாராவது இருந்தால், பேனாவைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.