அரிப்பில் ஆருக்கும் நாய் இல்லை

அரிப்பு என்ற ஊரின் கடற்கரையில் எந்த நாய்க்கும் சொந்தக்காரர் கிடையாது. அப்படி யாராவது இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கருவாடு காயவிடும் பெண்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சட்டம் அது: நாய் வளர்க்கிறவளுக்குக் காயவிட இடமில்லை.

பிரான்சிஸ்காவும் அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவள்தான். புருஷன் செத்து நான்கு வருஷம். மகள் சுவேதினி வத்தளையில் குடும்பமாகிவிட்டாள். வீட்டில் அவள் வாய் திறந்து பேசுவது கறுவல் என்ற கறுத்த நாயோடு மட்டும்தான். பகலில் கடற்கரையில் அதைக் கண்டால் "சீ, போ!" என்று கல் எறிவாள். பொழுது சாய்ந்ததும் வேலிக்குப் பின்னால் மீன்தலையும் சோறும் வைப்பாள். பத்தே நாளில் நாய் பாடம் படித்துவிட்டது. ஆட்கள் நின்றால் இருபது அடி தள்ளி நிற்கும். தனியாக இருந்தால் அவள் காலில் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை, நாய்களுக்கு விசர் பிடிக்காமல் ஊசி போடும் வாகனம் வந்தது. ஆளில்லாத நாய்களை நானாட்டான் பக்கத்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோவார்களாம்.

"இந்தக் கறுத்தது உன்ர பின்னாலதானே திரியுது, பிரான்சிஸ்கா?" என்றாள் வயதில் மூத்த மதலேனா.

"என்ர பின்னாலயோ? அது உங்கட பாரைக்கருவாட்டிலதான் கண் வைச்சிருக்குது அக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடிவதற்குள் வாகனத்து ஆட்கள் கறுவலை வலையில் அமுக்கி ஏற்றிவிட்டார்கள்.

அன்று மகள் தொலைபேசியில் கேட்டாள். "என்னம்மா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"கடல்காத்து, பிள்ளை."

மறுநாள் பிரான்சிஸ்கா நானாட்டானுக்கு முதல் பஸ்ஸில் ஏறினாள். காப்பகத்துப் பொறுப்பாளர் யதுசன் கூட்டின் கதவைத் திறந்துவிட்டு, "கூப்பிடுங்கோ அம்மா" என்றான்.

கூப்பிட்டாள். கறுவல் அவளைப் பார்த்தது, யதுசனைப் பார்த்தது, பின்வாங்கிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"உங்கட நாயெண்டா ஓடி வரும்தானே? அடிக்கிறனீங்களோ?"

"நீங்கள் நிக்கிறபடியாத்தான் வருகுதில்லை, தம்பி."

"நல்ல கதை! காலமை நான்தான் சோறு வைச்சனான்."

"ஆக்களுக்கு முன்னால கிட்ட வரக்கூடாதெண்டு நான்தான் பழக்கினனான்" என்றாள் பிரான்சிஸ்கா. சொல்லும்போது அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவன் சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல் கந்தோர் அறைக்குள் போனான். அவன் போனதும் கறுவல் அவள் காலடிக்கு வந்ததை ஜன்னலால் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது கையில் ஒரு படிவமும் சிவப்புக் கழுத்துப்பட்டியும் இருந்தன.

"பட்டியில உங்கட பேரை எழுதித்தான் விடுவன். கழட்டினா, அடுத்த முறை பிடிச்சாத் திருப்பித் தரேலாது. சரியோ?"

கடற்கரையில் எல்லோருக்கும் எழுத்து வாசிக்கத் தெரியும். அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"பெரிசா எழுதுங்கோ தம்பி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை காலையில் மதலேனா பட்டியைப் பார்த்தாள். வாசித்தாள். குனிந்து இரண்டு கருவாட்டைப் புரட்டிப் போட்டாள்.

"நீயும் சேர்ந்து போட்ட சட்டம்தானே" என்றாள் கடைசியில். அதில் கோபம் இல்லை.

"ஓம் அக்கா. தெரிஞ்சுதான் வந்தனான்."

பிரான்சிஸ்கா தன் பழைய வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வள்ளங்களையும் தாண்டி, ஒருவரும் காயவிடாத வெறும் மணலுக்கு நடந்தாள். அங்கே காற்று அதிகம். மீனில் மண் ஒட்டும். விரித்து முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

தூரத்தில் பெண்களின் சிரிப்பு காற்றோடு வந்தது. யாரோ நல்ல பகிடி விட்டிருக்கிறார்கள். என்ன பகிடி என்றுதான் காதில் விழவில்லை. இவள் மீனைப் புரட்டுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் படுத்திருந்த கறுவலைப் பார்த்தாள்.

"என்னவாம் சொல்லினம்?" என்று கேட்டாள்.