அக்காவை வரைய ஒரு தாள்

அடுத்த வாரம் அக்காவுக்கு இடது தாடையில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்திருந்தார்கள். கட்டியோடு எலும்பிலும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கும், முகம் இப்போதிருப்பது போல இருக்காது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதற்குள் தன்னை வரைந்து தரும்படி அக்கா என்னிடம் கேட்டாள்.

நான் மாலை நேர ஓவிய வகுப்பில் சேர்ந்தே சில மாதங்கள்தான் ஆகின்றன. "போட்டோ எடுத்துக்கலாமே," என்றேன்.

"கேமராவப் பாத்தாலே கழுத்து தானா திரும்பிக்குதுடி. கட்டி வந்ததுலேர்ந்து எல்லா போட்டோவுலயும் வலது பக்கம்தான் இருக்கேன். நீ வரைஞ்சா ஆடாம உக்காருவேன். இந்த முகத்தோடயும் கொஞ்ச காலம் வாழ்ந்திருக்கேன்ல?"

வகுப்பில் ஆசிரியை தாளைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: கிழித்துப் போட மனசு வருகிற விலையில் வாங்குங்கள். அப்படிப்பட்ட தாளிலும் எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. ஜெராக்ஸ் தாள், சார்ட், பழுப்புத் தாள், செய்தித்தாள் அச்சிடும் நியூஸ்பிரிண்ட் என்று கடையில் வகைக்குக் கொஞ்சம் உதிரியாக வாங்கி வந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே பென்சிலால் கோடு போட்டேன், நிழல் தீட்டினேன், அழித்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் தாளில் நிழல் திட்டுத்திட்டாக விழுந்தது. சார்ட்டில் பென்சில் வழுக்கியது. பழுப்புத் தாளில் அக்காவின் நிறம் மங்கியது. நியூஸ்பிரிண்ட் ரப்பர் பட்டதும் நார்நாராக எழும்பியது. எதிலும் மனம் நிற்கவில்லை.

தையல் கூடத்தில் வேலை முடிந்து வந்ததும் அக்கா முகம் கழுவிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். "என்ன ஆராய்ச்சி, இன்னிக்கு எந்தத் தாளுக்குப் பரீட்சை?" என்பாள். ஒரு தாளில் கண், இன்னொன்றில் மூக்கு என்று சோதித்துக்கொண்டிருந்தேன். தாள் முடிவானதும் முழு முகத்தையும் வரைந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று காலை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. படுக்கை காலியாகிவிட்டதாம், இன்றே வந்து சேர்ந்துவிடச் சொன்னார்கள். தாள்களையெல்லாம் கட்டிலில் பரப்பினேன். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கண்ணு இருக்கு. மூக்கு இருக்கு. காது, கம்மலோட ஜோரா இருக்கு. தாடை எங்கடி?"

"அதுக்கு இன்னும் தாள் முடிவாகலக்கா."

சொல்லும்போது அது உண்மை என்றுதான் நம்பினேன். அக்கா சிரிக்கவில்லை.

"கேமராவுக்கு நான் திரும்பிக்கிட்டேன். நீ எதுக்குத் திரும்பிக்கிட்ட?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, இடது கன்னம் வெளிச்சத்தில் படும்படி உட்கார்ந்தாள். கைக்கு அகப்பட்டது ஒரு நியூஸ்பிரிண்ட். ரப்பரைத் தொடாமல் காதுக்குக் கீழே தொடங்கினேன். கோடு கீழிறங்கி, கட்டி புடைத்த இடத்தில் வெளியே வளைந்தது. அங்கே தோல் இழுபட்டுப் பளபளத்தது. இவ்வளவு நாள் எதிரில் உட்கார்ந்திருந்தும் அதை நான் பார்த்ததில்லை.

"அசிங்கமா இருக்கா?"

"இல்லக்கா. பெருசா இருக்கு."

"அப்போ பெருசாவே போடு. கஞ்சத்தனம் பண்ணாத."

கீழே ஆட்டோ வந்து நின்றது. "ஏம்மா, இறங்குங்க, நேரமாச்சு!" என்று அப்பா குரல் கொடுத்தார்.

"இருப்பா, தலைமுடி பாக்கி இருக்கு," என்று அக்கா வாயசைக்காமல் கத்தினாள்.

முடியை அரைகுறையாகத்தான் போட்டேன். கண்களில்கூட ஒன்று சற்று மேலே ஏறிவிட்டது. தாடை மட்டும் சரியாக வந்திருந்தது. அக்கா வெகுநேரம் பார்த்தாள். விரலைத் தாளின் மேல் கொண்டுபோனவள் தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

"மடிக்காம கொண்டு வா. கட்டு பிரிச்சதும் கண்ணாடி பாக்குறதுக்கு முன்னாடி இதத்தான் பாக்கணும்."

இந்தத் தாள் சீக்கிரம் மஞ்சளாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தவள், இரண்டு அட்டைகளுக்கு நடுவே அதை வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் படியிறங்கினேன்.