இரண்டு விரல் அகல இருட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததில்லை, சொற்பொழிவாகப் பிறந்தது. அதுவும் என்னுடையதல்ல. ரேடியோ, டி.வி. மெக்கானிக் ஜேசுராஜ் போன வருடம், 1988 சித்திரையில், போடி வர்த்தகர்கள் கூடும் ஒரு விழாவில் பேசுவதாக இருந்தது. 'பாமர ஆட்டக்காரர்கள் வீடியோ கேம் படத்தின் தொழில்நுட்பக் குறைகளைக் கவனிக்கிறார்களா?' என்று தலைப்பையும் அவனே தயாரித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, ரெண்டே பக்கம். 'பேரன்புமிக்க பெரியோர்களே'ன்னு ஆரம்பிச்சு 'நன்றி, வணக்கம்'னு முடிச்சுக் குடுத்துருங்க. நடுவுல உள்ளத நான் பாத்துக்கிறேன்."

நடுவில் உள்ளதை அவனும் நானும் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இனி வருவது.

2

தொடக்கம் ஒன்று: மேற்கு மலைகளின் மடியில் மேகங்கள் தவழும் எழில்மிகு போடிநாயக்கனூரிலே ஒரு நாள்,

(அடித்துவிட்டேன். மேகம் தவழ்வதைப் போடியில் யாரும் பார்ப்பதில்லை. ஏலக்காய் விலை தவழ்வதைத்தான் பார்ப்பார்கள்.)

தொடக்கம் இரண்டு: மின்னணு யுகத்தின் வாசலில் நின்றுகொண்டிருக்கும் மனித குலம்

(இது ஜேசுராஜ் எழுதித் தந்தது. மனித குலம் வாசலில் நின்றது வாஸ்தவம். எட்டணா சில்லறைக்காக நின்றது.)

தொடக்கம் மூன்று: சொர்ணலதாவிடம் ஒரு மெஷின் இருந்தது.

இதில் பொய் எதுவும் இல்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

சொர்ணலதாவிடம் ஒரு மெஷின் இருந்தது. நான் பிழை திருத்தும் அச்சகத்துக்கு நேர் எதிரே, ஜீப் ஸ்டாண்டை ஒட்டிய கடையில். அவருடைய வீட்டுக்காரர் செல்லப்பாண்டி புதியவற்றில் பிரியமுள்ளவர். ஜவுளிக்கடை பழசாகிவிட்டது என்று மூடினார். சென்னையில் யாரோ கழித்துக்கட்டிய வீடியோ கேம் மெஷினை வாங்கி, வைக்கோல் சுற்றி, லாரியில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டே மாதத்தில் அதுவும் பழசாகிவிடவே பம்பாய்க்குப் போய்விட்டார். மெஷினும் மனைவியும் போடியில் இருந்தார்கள்.

கட்டடம் செல்லப்பாண்டியின் அண்ணன் ராஜமணி பெயரில் இருந்தது. அவர் ஒருநாள் குடையை மடக்காமலே வாசலில் நின்று சொன்னார்.

"சொர்ணம், சித்திரை ஒண்ணாந்தேதி மத்தியானம் வந்து எட்டிப் பாப்பேன். ஆளு நின்னா நீ நடத்து. ஈ நின்னா சாவியக் குடுத்துட்டு உங்க ஆத்தா வீட்டுக்குக் கிளம்பிரு. நான் குடோனாக்கிக்கிருவேன்."

"எத்தன ஆளு நிக்கணும் பெரியத்தான்?"

"எண்ணவா போறேன்? பாத்தாத் தெரியும்ல."

ஆத்தா வீடு ஆண்டிபட்டியில் இருந்தது. ஆத்தா வீடு என்பது பேச்சுக்கு. அது தம்பி பெண்டாட்டி வீடு. அங்கே சொர்ணலதா மூன்று நாள் தங்கினால் நான்காம் நாள் குழம்பில் உப்பு இருக்காது.

ஆகவே கதையில் பணயம் இந்தக் கடை. வாசகர் இதை மறக்கக்கூடாது. நான் ஒரு கட்டத்தில் மறந்தேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆட்டம் இதுதான்: மேலிருந்து பருந்துகள் வரிசை வரிசையாகப் பக்கவாட்டில் பறந்து இறங்கும். கீழே நமக்கு ஒரு கப்பல். நகர்த்திச் சுட வேண்டும். அதில் ஒரு குறை. திரையின் வலப்பக்கம், ஓரத்துக்குச் சற்று முன்பாக, மேலிருந்து கீழ்வரை இரண்டு விரல் அகலத்துக்குப் படமே கிடையாது. ஒரே இருட்டு. அதற்குள் சில புள்ளிகள் மட்டும் மினுக் மினுக்கென்று கண்ணடித்துக்கொண்டிருக்கும். இடமிருந்து வரும் பருந்து அந்த இருட்டுக்குள் நுழைந்து காணாமல்போய், அந்தப் பக்கம் வெளியே வரும்.

ஜேசுராஜ் மெஷினின் முதுகைத் திறந்து பார்த்தான்.

"படத்த நெனப்புல வச்சிருக்க ஐ.சி. சில்லுல ஒண்ணு அவுட்டுக்கா. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு ஒருத்தன் கவனிப்பான். தேனியில ரெண்டு மெஷின் புதுசா எறங்கியிருக்கு. கவனிச்சவன் பூரா பஸ் ஏறிருவான்."

"யாரும் ஒண்ணும் சொல்லலியேப்பா."

"சொல்ல மாட்டானுக. அவனுகளுக்கு அறிவு பத்தாது. ஆனா மனசுக்குள்ள உறுத்தும்."

அறிவு பத்தாதவன் மனசில் என்ன உறுத்தும் என்பது தபால் வழியில் படித்து டிப்ளமா வாங்கியவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

4

அவன் ஆராய்ச்சியில் இறங்கினான். மெட்ராஸுக்கு எழுதிப்போட்ட ஐ.சி. வந்து சேரும்வரை நோட்டும் பேனாவுமாக மெஷின் பக்கத்தில் நின்றான். ஆடுகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர்கள். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவே வந்து எட்டணாவைப் போடுவார்கள். அவர்களிடம் ஜேசுராஜ் கேட்ட கேள்வி இப்படி இருந்தது.

"படத்தில் தாங்கள் ஏதேனும் குறைபாட்டைக் காண்கிறீர்களா?"

"நல்லாருக்கு," என்றார் முதல் ஆள்.

"படத்தின் தரத்தைக் கேட்கிறேன்."

"அதான் நல்லாருக்குங்கிறேன்ல. தள்ளு, கை இடிக்குது."

பதினொரு பேரைக் கேட்டான். பதினொரு பேரும் நல்லாருக்கு. நோட்டில் எழுதினான்: 'பாமரர் கண் திறந்தே இருக்கிறது, பார்வை இல்லை.' அதைச் சொற்பொழிவில் சேர்க்கச் சொன்னான். கைதட்டலுக்கு இடம்விட்டு எழுதும்படியும் சொன்னான்.*

* என் பிழைப்பும் பிழையில்தான் ஓடுகிறது. ஒருமுறை நான் சரிபார்த்த கல்யாணப் பத்திரிகையில் புதன்கிழமை வியாழக்கிழமையாக அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. நான் ஒரு வாரம் தூங்கவில்லை. கல்யாணத்தன்று புதன்கிழமையே அத்தனை பேரும் வந்து பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை என்று நிம்மதியாக இலையில் கை வைத்தேன். பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "கிழமைய மாத்திப் போட்டுட்டாக போல. அதனாலென்ன, முகூர்த்தம் நமக்குத் தெரியாதா?" இந்த அடிக்குறிப்பை ஜேசுராஜிடம் அப்போதே சொல்லியிருக்கலாம்.

5

இப்போது வரப்போகிற ஆள்மீது எனக்கே சந்தேகம். கதைக்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய பதிலோடு ஒருவர் டீ குடிக்க வந்தால், அவரை எழுத்தாளன் செய்தான் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், மீசையை எடுத்துப் பார்த்தேன். இன்னும் பொய்யாகத் தெரிந்தார். எனவே இருந்தபடியே விடுகிறேன்: மொக்கைச்சாமி, ஜீப் டிரைவர், போடிமெட்டு ரூட்டில் இருபது வருடம்.

அவர் ஆடுவதை எதிரே அச்சகத்தில் இருந்து தினமும் பார்த்தேன். பருந்து அந்த இருட்டை நெருங்கும்போது வாயால் "பாம்" என்பார். பிறகு உதடு அசையும். திரையில் எதுவுமே இல்லாத இடத்தைப் பார்த்து ஒரு குண்டை விடுவார். பருந்து வெளியே தலை நீட்டும்போது குண்டு அங்கே காத்திருக்கும். சுற்றி நிற்கும் டிரைவர்கள் "அப்படிப் போடு!" என்று தொடையைத் தட்டுவார்கள்.

டீக்கடையில் கேட்டேன்.

"அதென்ன, 'பாம்'னு?"

"வளைவுல ஆர்ன் அடிக்காமப் போகச் சொல்றீகளா?"

"எது வளைவு?"

"அந்த இருட்டுத்தான். மெட்டுக்குப் போற ரோட்டுல பதினேழு வளைவு இருக்குல்ல. எதிர வர்ற வண்டி பாறைக்கு அங்கிட்டுப் போயிட்டா ஆளே தெரியாது. வெளிச்சம் மட்டும் லேசா மினுங்கும். ஆர்ன அடிச்சுட்டு எண்ணணும். லாரின்னா ஆறு. ஜீப்புன்னா நாலு. இதுல பருந்துக்கு மூணு. ரெண்டாவது ரவுண்டு வேகமா வரும், ரெண்டரை."

"அது பழுதுங்கிறான் ஜேசுராஜ்."

மொக்கைச்சாமி கிளாஸை வைத்துவிட்டு என்னை இரக்கமாகப் பார்த்தார்.

"பழுதா? ஏய்யா, அந்த மெஷினச் செஞ்சவன் மலைரோட்டுல வண்டி ஓட்டுனவன்யா. தேனியில ரெண்டு மெஷினயும் போய்ப் பாத்தோம். பூரா நேர் ரோடு. ஆடத் தெரியாதவனுக்குச் செஞ்சது."

ஆக, பாமரர்கள் கவனித்திருந்தார்கள். ஜேசுராஜைவிட நன்றாகக் கவனித்திருந்தார்கள். எத்தனை நொடி என்பதுவரை கவனித்திருந்தார்கள். அதைக் குறை என்று அழைக்கத்தான் அவர்களுக்குத் தோன்றவில்லை.

(இந்த இடத்தில் நான் தெருவைக் கடந்து போய் ஜேசுராஜிடம் சொன்னேன் என்று ஒரு வாக்கியம் எழுதி)

(எழுதி அடித்தேன். போகவில்லை. சொல்லவில்லை.)

ஏன்? கைதட்டலுக்கு இடம்விட்டு எழுதச் சொன்னவன் மேடையேறி, பாமரர் குருடர் என்று முழங்கி, முதல் வரிசையில் இருக்கும் மொக்கைச்சாமி எழுந்து "பாம்" என்பதைக் காண ஆசைப்பட்டேன். ஊசி வைத்திருப்பவன் பலூனைத்தான் பார்க்கிறான். அந்தப் பலூன் யார் கடை வாசலில் கட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

6

பங்குனி இருபத்தேழாம் தேதி ஐ.சி. வந்தது. ஜேசுராஜ் குளித்துவிட்டு வந்து அதைப் பற்றவைத்தான். இருட்டு போய்விட்டது. படம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. கழற்றிய பழைய ஐ.சி.யைச் சொற்பொழிவில் தூக்கிக் காட்டுவதற்காகத் தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மொக்கைச்சாமி வந்தார். எட்டணா போட்டார். "பாம்" என்று ஆரம்பித்தவர் பாதியில் வாயை மூடினார். பருந்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வெட்டவெளியில் பறந்து போனது.

"படம் எப்படி இருக்கு?" என்றான் ஜேசுராஜ். சந்தோஷத்தில் செந்தமிழ் மறந்துவிட்டது.

"நல்லாருக்கு," என்றார் மொக்கைச்சாமி. ஆட்டம் முடியும் முன்பே கையை எடுத்துவிட்டு ஸ்டாண்டுக்குப் போனார். அங்கே அவர் சொன்னது தெருமுழுக்கக் கேட்டது.

"ரோட்ட நேராக்கிட்டானுகடா. வர்றது தெரியுது, சுடுறோம், சாகுது. இதுக்கு எதுக்கு எட்டணா? வீட்டுல உக்காந்து கொசு அடிக்கலாம்."

மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் ஒருவர் வந்தார், மணி கேட்க.

7

சொர்ணலதா சும்மா இருக்கவில்லை. கறுப்பு டேப் வாங்கிக் கண்ணாடிமேல் இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டினார். டிரைவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவர் நகத்தால் டேப்பின் ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப்பார்த்தார்.

"உள்ளுக்குள்ள தெரியுதே மதினி!"

"டேப்ப விடுங்க, சும்மா ஆடுங்க."

மொக்கைச்சாமி தலையை ஆட்டினார். "அதுல மினுக்கம் இல்ல மதினி. வளைவு வேற, மறைப்பு வேற."

அதன் பிறகுதான் சொர்ணலதா தெருவைக் கடந்து அச்சகத்துக்கு வந்தார். என் மேசைமுன் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மொக்கைச்சாமி அண்ணன் உங்ககிட்ட அப்பவே சொன்னாகளாமே. ஐ.சி. வாரதுக்கு முந்தியே."

"சொன்னாரு. நான் வந்து…"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. எதிர்த்தாப்லதான இருக்கீக?"

நான் பென்சிலைச் சீவினேன்.

"எழுதுறதுக்கு நல்லாருக்கும்னு விட்டுட்டீகளோ?"

இருபது வருடமாக ஊரில் உள்ள பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்து எழுதிவருகிறேன். இத்தனை சுருக்கமாக எவரையும் எழுதியதில்லை.

அன்று சாயங்காலம் அவர் ஜேசுராஜைக் கூப்பிட்டுவிட்டார். நானும் போனேன். நடந்ததெல்லாம் அவன் முன்னால் சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்கத்தான் நான் காத்திருந்தேன். பார்க்க முடியாமல் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பழசத் திரும்ப மாட்டிரு தம்பி," என்றார் சொர்ணலதா.

"அக்கா, நான் பழுது பாக்குறவன். பழுது வைக்கிறவன் இல்ல."

"நாளக்கழிச்சு பெரியத்தான் வந்து எட்டிப் பாப்பாக."

"மாட்டுனாலும் அதே மாதிரி வரும்னு சொல்ல முடியாதுக்கா. சூட்டுல போர்டே போயிருச்சுன்னா? நேர் ரோடும் இல்ல, வளைவும் இல்ல. வெறும் பெட்டிதான்." சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். "ஜேசுராஜ் தொட்டா மெஷின் கெட்டுப்போச்சுன்னு ஊரு சொல்லும்."

"ஊருக்குத் தெரியுற மாதிரி நான் சொல்லிக்கிறேன், ஜேசுராஜ்தான் கெடுத்தான்னு," என்றார் சொர்ணலதா. சிரிக்காமல்தான் சொன்னார். "வேணும்னே கெடுத்தான், சொல்லிவச்சுக் கெடுத்தான்னு. அத வேற எந்த மெக்கானிக்கு செய்வான்?"

அவன் பையை எடுத்துக்கொண்டு போனான்.

8

முடிவு அ: ஜேசுராஜ் மனம் மாறி, அதிகாலையில் (வேண்டாம். மனம் மாறுகிறவர்கள் ஏன் எப்போதும் அதிகாலையில் மாறுகிறார்கள்?)

முடிவு ஆ: போர்டு புகைந்தது. ராஜமணி சாவியை வாங்கிக்கொண்டார். ஆண்டிபட்டி பஸ்ஸில் சொர்ணலதா ஜன்னலோரம் (நடந்திருக்கலாம். ஆனால் ஜன்னலோரத்தை நான் அழகுக்காகச் சேர்த்தேன்.)

முடிவு இ: செல்லப்பாண்டி பம்பாயிலிருந்து வந்து இறங்குகிறார் (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

எதிரே அச்சகத்தில் இருப்பவனுக்கு முடிவு தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். இதை எழுதப்போவதாகச் சொர்ணலதாவிடம் போய்ச் சொன்னேன், இந்தத் தடவை முதலிலேயே. அவர் சொன்னார்: "எழுதிக்கோங்க. நீங்க சொல்லாம விட்டதையும் எழுதுங்க. என் கட என்னாச்சுன்னு மட்டும் எழுதாதீக. அது உங்களுக்குக் கத. எனக்குக் கட."

ஆகையால் இதுவரை மட்டும் தருகிறேன்.

சித்திரை ஒன்றாம் தேதி, பதினொன்றரை மணி. ஜேசுராஜ் பையோடு வந்தான். யாரையும் பார்க்கவில்லை. சட்டைப்பையில் தீப்பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே போனான். சொர்ணலதா ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். ஸ்டாண்டில் டிரைவர்கள் பீடியைப் பற்றவைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தெருமுனையில் ஒரு குடை திரும்பியது. ராஜமணி. அவர் கடையை நெருங்கும் சமயம், ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்து அச்சகத்துக்கும் கடைக்கும் நடுவே நின்றது. குடை அதற்கு அங்கிட்டுப் போய்விட்டது. ஷட்டர் தெரியவில்லை. லாரிச் சக்கரங்களுக்கு நடுவே, ஷட்டரின் கீழ் இடுக்கில், ஏதோ ஒரு வெளிச்சம் மட்டும் மினுங்கியது. படமா, தீயா, பற்றவைக்கும் பொறியா, இங்கிருந்து சொல்ல முடியாது.

மொக்கைச்சாமி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாம்," என்றார் மெதுவாக.

"என்ன அண்ணே, எண்ணவா?"

"பின்ன? இருட்டப் பாத்துக்கிட்டே நிப்பீகளா? எண்ணுங்க."

ஒண்ணு.

ரெண்டு.