கொத்தனாரோடு வந்த நிழல்

கொத்தனாரை மதில் வைத்த சிறையிலிருந்து திறந்தவெளிச் சிறைக்கு மாற்றியபோது, பதினோரு வருடம் அவர் அடைந்து கிடந்த அறையின் நிழலும் கூடவே வந்துவிட்டது. வேனிலிருந்து இறங்கினார். உச்சி வெயில், மேலே கூரையோ மரமோ ஒரு துண்டு மேகமோ கிடையாது. ஆனாலும் அவரைச் சுற்றி எட்டடிக்கு ஆறடி நிழல் செவ்வகமாக விழுந்தது. ஒரு பக்கத்தில் கம்பிகளின் கோடுகள்கூடத் தெளிவாக இருந்தன. அவர் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. கண்காணிப்பாளர் டேப் வைத்து அளந்து, பதிவேட்டில் எழுதி, மேலிடத்துக்குக் கடிதம் போட்டார். அரசாங்க உடைமைப் பட்டியலில் நிழல் என்று எதுவும் இல்லாததால் திருப்பி அனுப்பத் தேவையில்லை என்று நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது.

அங்கே மதில் கிடையாது. தக்காளி வயல், மாட்டுக்கொட்டகை, வரிசையாக ஒற்றை அறை வீடுகள், அவ்வளவுதான். காலையிலும் மாலையிலும் ஆள் கணக்கு எடுப்பார்கள். நடுவில் அவரவர் வேலை. குடும்பம் சம்மதித்தால் கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாம். யாரும் ஓடிப்போனதில்லை. இதெல்லாம் மண்டையில் ஏறவே கொத்தனாருக்கு ஆறு மாதம் பிடித்தது. எட்டடி நடந்ததும் கால் தானாகத் திரும்பிக்கொள்ளும். காலையில் வீட்டுக்குள்ளேயே நின்று, யாராவது வந்து திறப்பார்கள் என்று காத்திருப்பார். “அண்ணே, அது சாதாரணக் கதவு. தள்ளுனா தொறக்கும்” என்று மாடு பார்க்கும் கைதி தினமும் வெளியிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் கோடையில் நாற்றெல்லாம் கருகியது. கொத்தனார் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்ற பாத்தி மட்டும் அவர் நிழலில் பச்சென்று இருந்தது. அதைப் பார்த்து அவரை நாற்றங்காலுக்கு மாற்றினார்கள். மதியம் சாப்பாட்டுத் தட்டோடு எல்லோரும் அங்கேதான் வந்தார்கள். “அண்ணே, உங்க அறையில எடம் இருக்கா?” என்று கேட்டுவிட்டு உட்கார்வார்கள். அவர் ஒதுங்கி இடம் விடுவார். சிரிக்க மட்டும் மாட்டார்.

மூன்றாம் வருடம் அவர் மனைவி வந்தாள். அவர் கொன்றது அவளுடைய தம்பியை. சாரத்தின்மேல் நின்று பூசிக்கொண்டிருந்தபோது வந்த வாய்ச்சண்டையில் மச்சினனைத் தள்ளிவிட்டார். அவன்தான் முதலில் கை ஓங்கினான் என்றும் தான் தடுத்ததாகவும் கோர்ட்டில் சொன்னார். ஊரும் அதையே நம்பியது. பதினாலு வருடமாக அவளைக் குடைந்தது அந்த ஒரு பேச்சுதான்.

வந்தவள் நிழலுக்கு வெளியே, கொளுத்தும் வெயிலில் நின்றாள். அவர் கிட்டே போனால் நிழல் அவள்மேல் படும். அதனால் நட்ட கல் மாதிரி நின்றார். மத்தியானம்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

“என் தம்பி கை ஓங்கினானா? அத மட்டும் சொல்லுங்க” என்றாள் அவள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “இல்ல. அவன் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னான். நான்தான் தள்ளினேன். கோர்ட்டுல சொன்னது பொய்.”

அப்போது தரையில் இருந்த கம்பிக் கோடுகள் மெல்ல நகர்ந்தன. கதவு திறப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்து விலகி, ஆள் நுழையும் அகலத்துக்கு வெயில் உள்ளே பாய்ந்தது. சத்தமே இல்லை. அசைபோட்ட மாடுகள் வாயை நிறுத்தின. வயலில் இருந்தவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். கண்காணிப்பாளர் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கொத்தனார் அந்த வெளிச்சத்தின் வழியே நடந்து வெளியே வந்தார். தலையில் வெயில் பட்டதும் தடுமாறி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய சொந்த நிழல், சின்னதாக, காலடியில் சுருண்டு கிடந்தது. அவள் அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். “தண்ணி குடிங்க.”

சொன்னதை அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதனால் விடுதலை இரண்டு வருடம் தள்ளிப்போனது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தத் தாளின் நகலை அவள் ஊருக்குக் கொண்டுபோய், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் படித்துக்காட்டினாள். மறுவருடம் பெட்டியோடு வந்து அவர் வீட்டிலேயே தங்கினாள். தம்பி செத்த நாளன்று மட்டும் அவரோடு பேச மாட்டாள். மறுநாள் பேசுவாள்.

நிழல் நாற்றங்காலிலேயே நின்றுவிட்டது. அதில் மிளகாய் நாற்று நன்றாக வருகிறது. போன மாதம் புதிதாக ஒரு கைதியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவன் எடுத்துவைத்த ஒவ்வொரு அடிக்கும் எங்கிருந்தோ இரும்புப் பூட்டு விழும் சத்தம் கேட்டது. கூனிக் குறுகி நின்றவனைக் கண்காணிப்பாளர் ஏற இறங்கப் பார்த்தார்.

“பால் கறக்கத் தெரியுமா?” என்று கேட்டார்.