ஒன்பது நிமிடம்

குவெம்புநகர் கடைக்காரர் இரண்டு பென் டிரைவை எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டும் அறுபத்து நாலு ஜி.பி. ஒன்று நிரம்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்குமாம். மற்றது பத்தே நிமிடம், விலைதான் இரு மடங்கு. வேகமானதை வாங்கினேன். சீக்கிரம் முடிந்து தொலைந்தால் போதும் என்றிருந்தது.

என் கணவர் அச்யுத் மாரடைப்பில் போய்ப் பதினான்கு நாள். முந்தின நாள்தான் வீட்டில் காரியமெல்லாம் ஆகிப் பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள், நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஹெப்பாளில் அவர் வேலை பார்த்த கம்பெனி, லேப்டாப்பை அன்று ஐந்து மணிக்குள் திருப்பிக் கேட்டிருந்தது. போனதும் எல்லாவற்றையும் அழித்து வேறு யாருக்காவது கொடுப்பார்களாம். சொந்தப் படங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனசு பண்ணி டிரைவில் ஏற்றுவதற்கு இருந்த தடையை ஒரு நாளைக்கு நீக்கியிருந்தார்கள். கல்யாண வீடியோவிலிருந்து போன மாசப் படம்வரை எல்லாம் அதற்குள்தான். சொந்தமாக ஒன்று வாங்குங்கோ என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "கம்பெனி குடுத்திருக்கே, ஆத்துல ரெண்டு எதுக்கு?" என்பார். இந்த ஊரில் பாதி வீட்டில் இதே சாமர்த்தியம்தான்.

மூன்று மணிக்கு விஜய்குமார் வந்தார். அச்யுத்தோடு வேலை பார்த்தவர், கொள்ளேகால்காரர். அண்ணி என்பதைக் கன்னடத்தில் அத்திகே என்றுதான் கூப்பிடுவார். "நிதானமா பண்ணுங்க அத்திகே. முடிஞ்சதும் சொல்லுங்க, எடுத்துட்டுப் போறேன்" என்று ஹாலில் உட்கார்ந்தார்.

உள்ளறையில் டிரைவைச் செருகினேன். பதினோரு வருஷம் ஒன்பது நிமிடத்தில் ஏறிவிட்டது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

இனி நான் எழுந்து லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதில் சில எழுத்துகள் அவர் தட்டித் தட்டி அழிந்துபோயிருந்தன. மூடியின் ஓரம் அவர் விரல் பட்டுக் கறுத்திருந்தது. துடையுங்களேன் என்று அதற்கும் சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் கறுப்பை எந்த டிரைவிலும் ஏற்ற முடியாது. எனக்கு அதைக் கொடுக்க மனமில்லை.

"ஆயித்தா அத்திகே, முடிஞ்சுதா?" என்றார் ஹாலிலிருந்து.

"இல்லே, இன்னும் போயிண்டிருக்கு" என்றேன்.

டிரைவில் ஏறியதை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி ஒன்பது நிமிடம். மறுபடி அழித்தேன். ஒரு மனுஷரை உட்கார வைத்து ஏமாற்றுகிறோமே என்று கூச்சம்கூட வரவில்லை.

மூன்றாம் தடவை அழிக்கப் போனபோது, நான் கொடுத்திருந்த காபியைக் குடித்துவிட்டு, டம்ளரோடு அவர் அறை வாசற்படியில் நின்றிருந்தார். அழிக்கவா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரிலேயே காலம் தள்ளுகிறவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏதாவது சொல்லட்டும், வெடுக்கென்று திருப்பிக் கொடுக்கலாம் என்று நாக்கைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் டம்ளரை மேசையில் வைத்தார். சாவிக்கொத்திலிருந்து மூடி தொலைந்த பழைய பென் டிரைவ் ஒன்றைக் கழற்றினார்.

"இது ரொம்ப மெதுவுங்க அத்திகே" என்றார். "இதுல போடுங்க."

பிறகு ஹாலுக்குப் போய் ஆபீசுக்கு போன் செய்தார். இன்னும் காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது, ஆறு மணி ஆகும் என்று கன்னடத்தில் சொன்னது எனக்குக் கேட்டது.

இரண்டு மணி இருபது நிமிடம் என்று திரை காட்டியது. அவ்வளவு நேரமும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போதவில்லை.